எழுந்து நிற்கும் எழுத்து

சார்ட் குத்துகிறதா அக்கா? இருங்கள், இந்தப் பக்கம் சாய்த்து வைத்துக்கொள்கிறேன். மேலே வைக்கலாம் என்றால் எந்த மகராசனோ வாழைத்தாரை ஏற்றி வைத்திருக்கிறான். மடிக்கவும் மனசு வரவில்லை. மடித்தால் கோடு விழுந்துவிடும். இனிமேல் கோடு விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன, அதுவும் சரிதான்.

நீங்கள் வேப்பங்காட்டுவிளையா? இல்லையா? அதற்கு முந்தின நிறுத்தமா. அப்படியென்றால் சரி. அந்த ஊர்க்காரர் என்றால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இல்லை, பொய் சொல்வானேன், அப்போதும் திறந்திருப்பேன். என் வாயைப் பற்றி எங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள்.

ஒரே ஒரு நியாயம் கேட்கிறேன், சொல்லுங்கள். ஒரு தாய், தான் பெற்ற மகளின் பெயரை நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்பது குற்றமா? வேறு எதுவும் கேட்கவில்லை. பெயரைச் சொல் என்றேன். அதற்காக என்னை இன்றைக்கு, இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று தலைமையாசிரியர் கும்பிட்டு அனுப்பிவிட்டார். ஒரு பிள்ளையின் படிப்பையே நான் கெடுத்துவிட்டேனாம். நான்! அந்த ஊரில் அந்தப் பிள்ளைக்காக வாயைத் திறந்த ஒரே ஆள் நான்தான்.

முதலிலிருந்து சொல்கிறேன். திருநெல்வேலி போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது.

நான் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். எங்கள் துறை வேப்பங்காட்டுவிளை ஆரம்பப் பள்ளியைத் தத்து எடுத்திருக்கிறது. தத்து என்றால் என்ன என்று நினைக்கிறீர்கள்? முதல் நாள் ஒரு வேன் நிறையப் போனோம். பேனர் பிடித்தோம், மரக்கன்று நட்டோம், போட்டோ எடுத்தோம், கேசரி சாப்பிட்டோம். அதற்கப்புறம் வேனும் வரவில்லை, போட்டோவில் நின்றவர்களும் வரவில்லை. மரக்கன்றை ஆடு தின்றுவிட்டது. நான் ஒருத்தி மட்டும் புதனும் வெள்ளியும் மதியம் இந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. என் ஆய்வே பெண்களின் மௌனத்தைப் பற்றித்தான் அக்கா. நாவல்களில் பெண்கள் பேசாமல் இருக்கிற இடங்களையெல்லாம் எடுத்து, ஏன் பேசவில்லை, யார் பேசவிடவில்லை என்று எழுதுகிறேன். நாலு அத்தியாயம் முடிந்துவிட்டது. புத்தகத்தில் எழுதினால் மட்டும் போதுமா, ஊருக்குள் இறங்கி வேலை செய்ய வேண்டாமா என்றுதான் போனேன்.

தலைமையாசிரியர் ஞானசிகாமணி சார் நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்களால்தான் இந்த நாட்டில் எதுவுமே நடப்பதில்லை. நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன. அந்த அறையை என்னிடம் கொடுத்து, "பெரிய எழுத்து சின்ன எழுத்து மட்டும் சொல்லிக் குடுத்திருங்கம்மா, புண்ணியமாப் போகும்" என்றார். நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். கல்யாண வீட்டு வாசலில் செருப்பு கிடக்குமே, அந்த மாதிரி பெரிய எழுத்து வரிக்கு வரி சிதறிக் கிடந்தது. ஒரு பையன் ஆங்கிலத்தில் பசு என்று எழுதும்போது கடைசி எழுத்தைப் பெரிதாகப் போட்டிருந்தான். ஏன்டா என்றால், "வாலு மிஸ்" என்றான்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் ஏது பெரிய எழுத்து? ராஜாவுக்கும் அதே ரா, ராட்டினத்துக்கும் அதே ரா. ஆங்கிலத்தில் அப்படி இல்லை, வாக்கியம் தொடங்கினால் பெரிய எழுத்து, ஆள் பெயர் ஊர் பெயர் என்றால் பெரிய எழுத்து, கிழமைக்கு, மாதத்துக்குப் பெரிய எழுத்து, நான் என்று சொல்கிற ஒற்றை எழுத்து எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. இதைச் சொன்னதும் ஜெனிட்டா என்று ஒரு வாயாடி எழுந்தாள். "நான்னு சொல்ல மட்டும் பெரிசு, நீங்கன்னு சொல்லச் சின்னதா மிஸ்? வெள்ளைக்காரனை யாரும் மரியாதை சொல்லி வளக்கலையா?" என்று கேட்டாள். எனக்கு அவளை அப்படியே பல்கலைக்கழகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் போல இருந்தது.

நான் ஒரு முறை கண்டுபிடித்தேன். பலகையில் விதியை எழுதிப்போட்டு மனப்பாடம் செய் என்பதெல்லாம் எனக்கு ஆகாது. நான் வாக்கியத்தை வாசிப்பேன். பெரிய எழுத்து வர வேண்டிய இடத்தில் வகுப்பு முழுக்க எழுந்து நிற்க வேண்டும். சின்ன எழுத்து என்றால் உட்கார்ந்துவிட வேண்டும். ஆள் பெயர் வந்ததா, எழு. மாடு வந்ததா, உட்கார். அந்த அறையில் பெஞ்சு கிடையாது, பாய்தான். எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும். ஆனால் அத்தனை சிரிப்பு. ஒரே மாதத்தில் தப்பே வராது என்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள். தூக்கத்தில் பெயரைச் சொன்னாலும் எழுந்து நிற்பார்கள். ஞானசிகாமணி சார் வராந்தாவில் போகும்போது யாராவது அவர் பெயரைச் சொன்னால் முப்பது தலை மேலே வரும்.

அவர்களுக்கு ஒன்று சொன்னேன். கலெக்டர் பெயருக்கும் பெரிய எழுத்துதான், கக்கூஸ் கழுவுகிறவர் பெயருக்கும் பெரிய எழுத்துதான், உன் பெயருக்கும் அதே பெரிய எழுத்துதான் என்றேன். அந்த மொழியில் எனக்குப் பிடித்த ஒரே நியாயம் அது. பெயர் என்று இருந்தால் எழுந்து நின்றே ஆக வேண்டும். யார் பெயரையும் முணுமுணுக்கக் கூடாது. சரிதானே?

இனிஷியல் பாடம் நடந்த அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இனிஷியலும் பெரிய எழுத்து, பக்கத்தில் புள்ளி, அது எந்தப் பெயரின் முதல் எழுத்து என்று எழுந்து சொல்லுங்கள் என்றேன். அப்பா பெயரை மேடை போட்டுச் சொல்ல இப்படி ஒரு வாய்ப்பு யார் கொடுப்பார்கள்? தொண்டை கிழியக் கத்தினார்கள். அந்த ஜெனிட்டா சும்மா இருப்பாளா, பலகையில் நான் எழுதியிருந்த என் பெயரைக் காட்டி, "மிஸ், உங்களுக்கு இனிஷியலே இல்லையே" என்றாள். டீச்சர் பெயர் பரீட்சையில் வராது, உட்கார் என்றேன். பிள்ளைகள் எதையாவது கேட்டுக்கொண்டுதான் இருக்கும். நாம்தான் பாடத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தப் பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். ஐந்தாம் வகுப்பு, பெயர் சுயம்புக்கனி. வகுப்பில் முதல் பிள்ளை. பாவாடையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, எழுந்து நிற்கிற விளையாட்டில் கண்ணை மூடிக்கொண்டே சரியாக எழுந்து சரியாக உட்காருவாள். எல்லார் பெயரையும் சரியாக எழுதுவாள், ஜனாதிபதியிலிருந்து ஜெனிட்டா வரைக்கும். அவளுடைய பெயரில் மட்டும் தப்பு வரும். எஸ் சின்னதாக இருக்கும். நடுவில் கே பெரிதாக இருக்கும். சுயம்பு சின்ன எழுத்து, கனி பெரிய எழுத்து. முதல் தடவை கவனக்குறைவு என்று விட்டேன். திருத்திக் கொடுத்தேன். அடுத்த புதன் மறுபடியும் அதே மாதிரி.

பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள், அப்படியே சொல்கிறேன் கேளுங்கள்: "முன்னால உள்ளது தாத்தா பேரு மிஸ். எங்க வீட்டுல அதை யாரும் சத்தமாச் சொல்ல மாட்டாவ. அம்மா சொல்லவே மாட்டா. அதான் சின்னதாப் போட்டேன். கனின்னு சத்தமாக் கூப்புடுவா. அது பெரிசு."

எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல்லுங்கள். சத்தமாகச் சொல்கிறது பெரிய எழுத்து, முழுங்குகிறது சின்ன எழுத்து! தன் பெயரின் பாதியை ஒரு பிள்ளை தானே குனியவைத்து எழுதுகிறது. சாரிடம் போய்க் கேட்டேன். அவர் சிரித்தார். தாத்தா பெயர் சுயம்புலிங்கம், பேத்திக்கு அந்தப் பெயரையே போட்டிருக்கிறார்கள், மருமகள் மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது, அதனால் அந்த வீட்டில் பிள்ளை வெறும் கனி, இது இந்தப் பக்கம் உள்ளதுதானே என்றார். உள்ளதுதானே! இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவர்கள் எத்தனை அநியாயத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் அங்கேயே அரை மணி நேரம் வாதாடினேன். பெயர் சொன்னால் மரியாதை குறையும் என்றால் மந்திரியை, கலெக்டரை, சாமியைக்கூடப் பெயர் சொல்லித்தானே கூப்பிடுகிறோம், முருகன் கோபித்துக்கொண்டாரா என்று கேட்டேன். அவர் நோட்டுத் திருத்திக்கொண்டே, "நீங்க சொல்றது வாஸ்தவம்தாம்மா" என்றார். வாதத்தில் ஜெயித்தாலும் எதிராளி நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தால் அதில் என்ன சுகம்?

அந்த அம்மா பெயர் புஷ்பகலா. ஜாக்கெட் தைக்கிறவள். புருஷன் மும்பையில் ஒரு மளிகைக் கடையில் இருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் கொடைக்கு வருவான். வீட்டில் எது என்றாலும் மாமனார் வைத்ததுதான் சட்டம். சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வருவாள். வேலிப் பக்கம்தான் நிற்பாள், உள்ளே வர மாட்டாள். சிரிப்பாள், பேச மாட்டாள். இப்படி ஒரு பெண்ணை நான் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன்.

ஒருநாள் அவளே என்னிடம் வந்தாள். பாளையங்கோட்டையில் ஒரு விடுதிப் பள்ளி இருக்கிறது, ஆறாம் வகுப்பிலிருந்து அங்கேயே தங்கிப் படிக்கலாம், இங்கிலீஷ் நன்றாகச் சொல்லித்தருவார்கள், கனியைச் சேர்த்துவிட வேண்டும் என்று ஆசை. அப்பா ஊரில் இல்லாததால் தாத்தாதான் கையெழுத்துப் போட வேண்டும். பொம்பளைப் பிள்ளையைக் கண்ணுக்கு மறைவாக எதற்கு விட வேண்டும் என்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக்கொண்டிருக்கிறாளாம். அடுத்த வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறதே, அதற்கு அவரைக் கூட்டிவருகிறேன் என்றாள். "மாமா ஸ்கூல் வாசல் மிதிச்சதே கிடையாது டீச்சர். வாறேன்னு சொல்லிட்டாவ. கனியை நல்லா வாசிக்க வைங்க, அது போதும்" என்றாள்.

வாசிக்க வைத்தேன் அக்கா. நான் என் பங்கில் ஒரு குறையும் வைக்கவில்லை. இந்தச் சார்ட் அந்தக் கூட்டத்துக்காகப் போட்டதுதான். ராத்திரி பகலாகக் கலர் அடித்தேன். கூட்டத்தன்று பள்ளி முற்றத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. சுயம்புலிங்கம் முன்வரிசையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெளுத்துத் தேய்த்த சட்டை, அதில் பேனா வேறு. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்று ஊருக்குக் காட்ட வேண்டாமா? ஆண்கள் நாற்காலியில், பெண்கள் தரையில். அதற்கே எனக்கு ஏறிவிட்டது. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

சுயம்புக்கனி வாசித்தாள். ஒரு பக்கம் முழுக்க, தங்குதடை இல்லாமல் வாசித்தாள். ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் மற்ற பிள்ளைகள் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். கூட்டம் வாயைப் பிளந்தது. கிழவர் முகத்தில்கூட ஒரு சிரிப்பு. பக்கத்து நாற்காலிக்காரரிடம் குனிந்து என்னவோ சொன்னார், அவர் தலையாட்டினார். அங்கேயே முடித்திருக்கலாம் என்று சார் இன்றைக்குச் சொல்கிறார். முடித்திருக்கலாமாம். பாதிக் கிணறு தாண்டிவிட்டு நடுவில் நிற்கச் சொல்வார் போல.

நன்றாக வாசித்த ஆறு பிள்ளைகளுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் வாங்கிப் போயிருந்தேன். வழக்கமாகத் தலைவர் கொடுப்பார், பிரமுகர் கொடுப்பார். நான் அதை மாற்றினேன். அம்மாக்கள் கொடுக்கட்டும் என்றேன். மைக்கில் தன் பிள்ளையின் பெயரை முழுசாகச் சொல்லி, கூப்பிட்டு, தன் கையால் கொடுக்கட்டும். வாழ்க்கையில் மைக்கே பிடித்திராத பெண்கள் அக்கா அவர்கள். ஐந்து பேர் வந்தார்கள், வெட்கப்பட்டுக்கொண்டு, முந்தானையைக் கடித்துக்கொண்டு. சொன்னார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றார்கள். கைதட்டல் அடங்கவில்லை. ஜெனிட்டாவின் அம்மா தன் மகள் பெயரோடு தன் பெயரையும் சேர்த்துச் சொன்னாள். நான் நினைத்ததைவிட நன்றாக நடந்தது.

ஆறாவது புஷ்பகலா.

மைக்கை வாங்கி, "கனி, வா" என்றாள். முழுப் பெயர் என்றேன். சிரித்தாள். மறுபடி, "கனி" என்றாள். பிள்ளை பாதி எழுந்துவிட்டு, எழுவதா வேண்டாமா என்று பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்துவிட்டது. நான் ஜியாமெட்ரி பாக்ஸைக் கொடுக்கவில்லை. என் கையிலேயே வைத்துக்கொண்டேன். நான் கோபமாகப் பேசவில்லை. மிகப் பொறுமையாகத்தான் பேசினேன். உங்கள் மகள் பெயருக்குப் பெரிய எழுத்து வேண்டுமா வேண்டாமா, நீங்கள் சொன்னால்தானே அவள் எழுதுவாள், இது உங்கள் மகள் பெயர், வேறு யார் பெயரும் இல்லை, உங்கள் உரிமை என்றேன். மைக் என் பக்கம்தான் இருந்தது. எல்லாருக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

பின்னால் ஒரு பெண் குரல், "சொல்லும்மா, மாமா ஒண்ணும் நெனைக்க மாட்டாவ" என்றது. இன்னொருத்தி களுக்கென்று சிரித்தாள். கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை. அதுதான் அவர்கள் சாமர்த்தியம். சார் வந்து என் காதில், "விடுங்கம்மா, போதும்" என்றார். விடுகிறதா? இத்தனை வருஷம் விட்டு விட்டுத்தானே இப்படி இருக்கிறது?

அவள் என்னைப் பார்த்தாள். இப்போதும் அந்தப் பார்வை எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. பயம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். தைரியமாகச் சொல்லுங்கள், நான் இருக்கிறேன் என்று தலையை ஆட்டினேன்.

சொன்னாள். சின்னக் குரல்தான், ஆனால் மைக் இருக்கிறதே. "சுயம்பு" என்று வந்தது. அதற்கப்புறம் மூச்சு நின்றுவிட்டது. கனி வரவில்லை. அந்தப் பாதிப் பெயருக்கு, நான் பழக்கியிருந்தேன் அல்லவா, முப்பது பிள்ளைகளும் சடாரென்று எழுந்து நின்றார்கள்.

சுயம்புக்கனி மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் சிரித்தது பாருங்கள், சாமியானா தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. எவனோ ஒருத்தன், "மாமனாருக்கே வணக்கம் வைக்கச் சொல்லிட்டாளே" என்றான். கிழவர் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். கோபமாகக்கூட இல்லை. சாரிடம் போய், "பிள்ளை இங்கயே படிக்கட்டும் சார். இம்புட்டு போதும்" என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார். பின்னாலேயே பாக்ஸை வாங்காமல் புஷ்பகலாவும் போனாள். மகளைக் கூட்டிப்போகக்கூட நிற்கவில்லை. பிள்ளை அப்புறம் தனியாகப் போனாள்.

எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று நினைக்காதீர்கள். அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. ஆனால் வருத்தம் வேறு, சரி தப்பு வேறு. ஒரு கட்டு உடையும்போது சத்தம் வரத்தான் செய்யும். பாதி உடைத்துவிட்டாள் அல்லவா? பாதிப் பெயராவது வந்ததே. ஆனால் ஊரில் யாரும் அப்படிப் பார்க்கவில்லை. அடுத்த வாரமே அவளை, தண்ணீர்க் குழாயில், மகளிர் குழுக் கூட்டத்தில், எல்லா இடத்திலும் கேலி. "என்ன, இன்னைக்கு யாரைப் பேர் சொல்லி எழுப்பப்போற?" என்று கேட்கிறார்களாம். விடுதிப் பள்ளிக்குக் கையெழுத்து வாங்கக் கடைசி நாள் திங்கள்கிழமை. அது வந்தது, போனது. கிழவர் போடவில்லை. நான் வீட்டுக்கே போய் அவரிடம் வாதாடுகிறேன் என்றேன். சார் கையெடுத்துக் கும்பிட்டார்.

இன்றைக்கு மதியம் அவளே வந்தாள். பஸ் நிறுத்தத்தில், நான் இறங்கின உடனே. ஜாக்கெட் துணிக் கட்டு கையில். நான்தான் முதலில் பேசினேன், கவலைப்படாதீர்கள், சட்டப்படிகூட வழி இருக்கிறது, தாயும் கையெழுத்துப் போடலாம், கேட்டுச் சொல்கிறேன் என்றெல்லாம். அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு அந்தப் பேரைச் சொல்ல வாய் இல்லன்னு நெனச்சியளா டீச்சர்? அடுப்படியில தனியா நிக்கும்போது எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன். திட்டியும் சொல்லியிருக்கேன். வெளிய சொல்லாம இருந்தேன். எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். அதை வச்சுத்தான் தையல் மிஷின் வாங்குனேன். குழுவுக்குப் போனேன். எம் மருமவ எம் பேரைக்கூடச் சொல்ல மாட்டான்னு மாமா ஊரெல்லாம் சொல்லிச் சொல்லியே நான் கேட்டதுக்கெல்லாம் தலையாட்டுவாவ. அன்னைக்குக் காலையில அவுகளே பேனாவைத் தேடி எடுத்துச் சட்டையில குத்திக்கிட்டாவ, கூட்டம் முடிஞ்சதும் சார்கிட்ட வச்சே கையெழுத்துப் போட்டிருதேம்மான்னு. நீங்க அதை ஒரு டப்பாவுக்கு வாங்கிட்டிய."

அவ்வளவுதான் சொன்னாள். அழவில்லை. துணிக் கட்டை மாற்றிப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

இதற்கு என்ன சொல்வது அக்கா? அடிமை தன் விலங்குக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, இது என் சொத்து என்று காட்டுகிற மாதிரி இல்லையா? மௌனத்தை வைத்து ஒரு மிஷின் வாங்கலாம், ஒரு கையெழுத்து வாங்கலாம். வாங்கி? அந்த மிஷினில் உட்கார்ந்தும் அதே பெயரை முழுங்கிக்கொண்டுதானே தைக்க வேண்டும்? உரிமையாகக் கேட்க வேண்டியதைச் சலுகையாக வாங்கிக்கொண்டு, அதைப் பெருமையாக வேறு சொல்கிறாள். இதைத்தான் என் மூன்றாவது அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். அவள் படித்திருந்தால் புரிந்திருக்கும்.

பேனா விஷயம் எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால்தானே தெரியும்? வாயைத் திறந்து முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே. இதைத்தான் நானும் சொல்கிறேன், பெண்கள் வாயைத் திறந்து பேச வேண்டும்.

அப்புறம் பள்ளிக்குப் போனேன். கடைசி வகுப்பு என்று அப்போது தெரியாது. பிள்ளைகளை ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னேன். சுயம்புக்கனி எழுதி நீட்டினாள். எல்லாம் சரி. பெயரில் எஸ் சின்னது. கேயும் இப்போது சின்னது. பெயர் முழுக்கத் தரையோடு தரையாக ஒரே உயரத்தில் கிடந்தது. அழித்துக் கொடுத்தேன், மறுபடியும் அப்படியே எழுதினாள். எழுந்து நிற்கிற விளையாட்டு விளையாடலாமா என்று கேட்டேன். ஜெனிட்டாகூட எழவில்லை. எல்லாரும் சுயம்புக்கனியைப் பார்த்தார்கள், அவள் பாயைப் பார்த்தாள். முப்பது பிள்ளைகள் ஒரே நாளில் விதியை மறந்துவிடுமா? வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் சார் கூப்பிட்டார். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தார். நல்ல மனசு என்று ஒருவர் ஆரம்பித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். சார்ட்டைக் கழற்றி அவரே சுருட்டிக் கொடுத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடிக்கவில்லை.

இதோ பாருங்கள் அந்தச் சார்ட். அழகாக இல்லை? பெரிய எழுத்து எல்லாம் ஆள் மாதிரி நிற்கிற மாதிரி வரைந்தேன், சின்ன எழுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி. இந்த ஜே எழுத்தைப் பாருங்கள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறது, ஜெனிட்டாவை நினைத்து வரைந்தது. இந்த எஸ் யாரை நினைத்து என்று சொல்லவே வேண்டாம்.

எது? கீழே மூலையிலா? அது என் பெயர். தேன்மதி. தயாரித்தவர் பெயர் இருக்க வேண்டும் என்று எழுதினேன்.

முன்னால் இருக்கிற எழுத்தா? அது நான் எழுதினது இல்லை. எம், புள்ளி. பச்சை ஸ்கெட்ச் பேனாவில், பாருங்கள், நிறமே வேறு. சார் எழுதினது. இனிஷியல் இல்லாமல் ஆபீசர் பார்த்தால் கேட்பார் என்று, என்னுடைய பல்கலைக்கழக அட்டையைப் பார்த்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போட்டுவிட்டார். எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? அழித்தால் சார்ட் கிழிந்துவிடும் என்று விட்டேன்.

ஆமாம், அப்பாவுடையதுதான்.

இருக்கிறார். அவருக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறார், மதுரையில். எங்களோடு இல்லை. அம்மாவும் நானும் தனி.

பெயரா? எதற்கு அக்கா அதெல்லாம்? எம் என்றால் எம். எத்தனையோ பெயர் எம்மில் வருகிறது.

இல்லை, சொல்லக் கூடாது என்று ஒன்றுமில்லை. எனக்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. நான் சொல்வதில்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அம்மா சொன்னால் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன், அதனால் அவளும் சொல்வதில்லை. அது வேறு அக்கா. எப்படி ஒன்றாகும்? புஷ்பகலா பயந்துகொண்டு சொல்லவில்லை. நான், சொல்ல வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். வித்தியாசம் இல்லையா? நீங்களே சொல்லுங்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? சரி, சிரிக்கவில்லை.

கொஞ்சம் அந்த முனையைப் பிடித்துக்கொள்கிறீர்களா? சுருட்டிவிடுகிறேன். அப்படி இல்லை, எழுத்து உள்ளே போகிற மாதிரி. கீழிருந்து, அந்த மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். ஆங், அப்படித்தான். மடங்கினால் மடங்கட்டும்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? ஜங்ஷனா? அதற்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது. இன்னும் நீங்கள் எனக்குப் பதில் சொல்லவில்லையே அக்கா. ஒரு தாய் தன் மகள் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கேட்டது குற்றமா, இல்லையா?